கடைக்காரர் சொன்ன ஓமும் மீற்றர் காட்டிய ஓமும்: 6 வோல்ட் பெர்குசனை 12க்கு மாற்ற எந்தக் கொயில், எந்தப் பொயின்ட்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ட்ரக்டர் என்றால் டீசல்தான். மெசி பெர்குசன் 35, 135, 240 என்று வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஓடுகிற எதைப் பார்த்தாலும் பொறி உண்டாக்கும் கொயிலும் இல்லை, பிளக்கும் இல்லை. அதனால் பெற்றோலில் ஓடும் எங்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பெர்குசனைக் கராஜுக்குக் கொண்டுபோனால், இளம் மெக்கானிக்மார் பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரைப் பார்த்து "இது என்ன அண்ணே, கார் எஞ்சினா?" என்று கேட்பார்கள். பாதி உண்மைதான். டிஈ20 என்ற இந்த வகை 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. கார் செய்த ஸ்டாண்டர்ட் கம்பனிதான் இதையும் செய்தது. முதலில் வந்தவற்றில் 6 வோல்ட் மின்சாரம், பின்னால் வந்தவற்றில் 12. எங்களுடையது முதல் ரகம். என் அப்பப்பா, அப்பாவின் அப்பா, அம்பாறையில் ஒருவரிடம் பழசாகவே வாங்கியதாம்.

இப்போது இதை உழவுக்கு விடுவதில்லை. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பெட்டி கொழுவி நெல்மூடை இழுக்கும், இடையில் உரம் கொண்டுபோகும். அதற்கே 6 வோல்ட் பெரிய தொல்லையாகிவிட்டது. கடைகளில் 6 வோல்ட் பற்றரி கேட்டால் பழைய மோட்டார் சைக்கிளுக்கான சின்னப் பெட்டியைத் தூக்கி வைக்கிறார்கள். அது ஸ்டார்ட்டரை ஒரு சுற்றுக் கூடச் சுற்றாது. 12 வோல்ட் என்றால் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு வான் வண்டியில் இருந்து கழற்றியும் போடலாம். ஆகவே 12க்கு மாற்றுவது என்று தீர்மானித்தோம். பற்றரியை மாற்றுவது அரை மணி நேர வேலை. பிளக்கில் பொறி விழ வைக்கும் பகுதியை எப்படி அமைப்பது என்பதில்தான் ஒரு போகம் முழுக்க மண்டை காய்ந்தது.

பற்றரியின் சின்ன வோல்ட்டைப் பிளக்கில் பொறி பாயும் அளவுக்கு உயர்த்துவது கொயில்; அதில் இருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

பழைய 6 வோல்ட் கொயிலின் முதற்சுற்று ஏறத்தாழ 1.5 ஓம் (ஓம் என்பது மின் தடையை அளக்கும் அலகு). 6 வோல்ட் கொடுத்தால் 4 அம்பியர் ஓடும். கொயிலுக்குப் போகும் ஓட்டத்தை வெட்டி வெட்டிப் பொறி விழ வைக்கும் பொயின்ட் என்ற அந்தச் சின்னத் தொடுவாய் எரியாமல் தாங்குவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதே கொயிலில் 12 வோல்ட் பற்றரியைக் கட்டினால், எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏறி 14 வோல்ட் வரும். 14ஐ 1.5ஆல் வகுத்தால் 9 அம்பியருக்கு மேல். கொயில் சூடாகி எண்ணெய் கசியும், பொயின்ட் கருகும். இந்தக் கணக்கு ஒன்று தெரிந்தால் கடையில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

வழி மூன்று. பழைய கொயிலையே வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் ஓட்டத்தைக் குறைக்கும் 1.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடலாம். அல்லது 3 ஓம் உள்ள அசல் 12 வோல்ட் கொயில் வாங்கலாம். மூன்றாவது, 12 வோல்ட் கார்களுக்கென்றே வந்த, ஆனால் வெளியே ரெசிஸ்டர் வைக்க வேண்டிய கொயில். இந்த மூன்றாவதில்தான் குழி இருக்கிறது. அதன் உடம்பிலும் 12 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ரெசிஸ்டர் வேண்டும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது தேய்ந்து போயிருக்கும்.

நான் விழுந்தது அந்தக் குழியில்தான். கல்முனையில் ஒரு கடையில் கொயில் கேட்டேன். "இது பன்னிரண்டு வோல்ட்தானே?" என்றேன். "ஓம்." "ரெசிஸ்டர் இல்லாமல் நேரே குடுக்கலாமா?" "ஓம் தம்பி, நேரே குடுங்க." எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்ற ஓம்தான். நான் கேட்டிருக்க வேண்டியது வேறு ஓம். வீட்டுக்கு வந்து பூட்டினேன், முதல் உதைக்கே ஸ்டார்ட். பொறியும் நல்ல நீலம். இரண்டாம் நாள் பின்னேரம், முப்பது மூடையோடு வட்டை வரம்பில் மெசின் இருமத் தொடங்கி நின்றுவிட்டது. கொயிலில் கை வைக்க முடியவில்லை. டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பொயின்ட் முகம் இரண்டும் நீலம் பாரித்து, ஒன்றில் குழி, மற்றதில் அதே அளவு முளை. இருட்டும் வரை நானும் மச்சானும் எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம். பிறகு மீற்றர் வைத்துப் பார்த்தேன்: 1.6 ஓம்.

அதன் பிறகு கடைக்குப் போகும்போது மல்ரிமீற்றரையும் கொண்டுபோகிறேன். மலிவான மீற்றரில் இரண்டு கம்பிமுனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.4 என்று காட்டும். அதைக் கழித்துத்தான் கொயிலின் கணக்கைப் பார்க்க வேண்டும். கழிக்காவிட்டால் 1.5 என்பது 2 போலத் தெரிந்து குழப்பும். கொயிலின் இரண்டு சின்னத் திருகாணிகளுக்கும் இடையில் அளக்க வேண்டும். நடுவில் தடித்த வயர் போகும் குழாயில் அல்ல. அங்கே ஆயிரக்கணக்கில் காட்டும்.

சரி, மூன்றில் எது? காசு மட்டும் பார்த்தால் பழைய கொயிலும் ரெசிஸ்டரும். கொயிலுக்குத் தான் மாறியதே தெரியாது; முன்பு பார்த்த அதே 6, 7 வோல்ட்தான் அதற்குக் கிடைக்கும். ஆனால் மீதி வோல்ட் எல்லாம் ரெசிஸ்டரில் சூடாகத்தான் போக வேண்டும். எஞ்சின் ஓடாமல், பொயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி விட்டால் அந்தப் பீங்கான் கட்டியில் 25 வாட் அளவு எரியும். றேடியோ திருத்துபவரின் சோல்டரிங் அயன் அவ்வளவுதான். அதை வயர் கட்டுக்குள் செருகி, மேலே கறுப்பு இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்த ஒரு வண்டியை ஏறாவூரில் பார்த்திருக்கிறேன். ரேப் பாகாக ஓடியிருந்தது. ரெசிஸ்டர் வைப்பதென்றால் இரும்புத் தகட்டின் மேல், காற்றுப்படும் இடத்தில், பெற்றோல் குழாயை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

ரெசிஸ்டருக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. கார்களில் அதை வைப்பதற்கு அதுதான் காரணம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அந்த நேரம் மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி நேரே கொயிலுக்குக் கொடுத்தால் பொறி பலமாக விழும். ஆனால் அதற்கு ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சொலனொயிட்டில் ஒரு தனி முனை வேண்டும். சாம்பல் பெர்குசனில் கியர் தடியை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால் அதுவே ஸ்டார்ட்டர் சுவிட்சை அமத்தும். நியூட்ரலில் இல்லாமல் ஸ்டார்ட் ஆகவே ஆகாது, அழகான ஏற்பாடு. அதில் தாண்டிக் கொடுக்க வழி வைப்பதென்றால் புதிதாக றிலே என்ற மின் சுவிட்ச் பூட்ட வேண்டும். தேவையும் இல்லை. 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 12 கிடைத்ததும் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. முன்பு கிழவன் மாதிரி முனகியது இப்போது அடித்துக்கொண்டு போகிறது. அந்த அடி பல்லில் விழும் என்பதால் இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் அமத்திப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

ஆகவே என் தெரிவு அசல் 3 ஓம் கொயில். 14 வோல்ட்டில் 4.7 அம்பியர். பொயின்ட் முழு நேரமும் மூடியிருப்பதில்லை, நான்கு சிலிண்டரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான். சராசரியாக 3 அம்பியர். ஒரே வயர், சூடாக வேறு கட்டி இல்லை, யார் திருத்தினாலும் விளங்கும். கேட்ட உடனே கிடைக்காது. கேட்க வேண்டியது "பழைய கார் கொயில், ரெசிஸ்டர் இல்லாதது" என்று, பிறகு மீற்றர்.

அடுத்தது பொயின்ட்டா, எலக்ட்ரோனிக்கா. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எலக்ட்ரோனிக் என்பது டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ட்டும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரும் இருந்த இடத்தில் ஒரு சின்ன மொடியூல், தண்டில் ஒரு காந்த வளையம். தேய்வதற்கு எதுவும் இல்லை, இடைவெளி வைக்க வேண்டியதில்லை, ஸ்டார்ட் இலகு. அதற்குப் பலமான நியாயம் ஒன்றுதான்: டிஸ்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் பொயின்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், எப்படி வைத்தாலும் நிற்காது. தண்டின் உச்சியில் உள்ள றோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், லேத்தில் புதுப் புஷ் கடைந்து போடுவது அல்லது எலக்ட்ரோனிக்குக்குப் போவது என்று இரண்டே வழி. அந்த ஆட்டத்தைப் பொயின்ட்டை விட மொடியூல் நன்றாகப் பொறுத்துக்கொள்ளும்.

எங்கள் தண்டு ஆடவில்லை. மொடியூலோ வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்க வேண்டிய சாமான். 6 வோல்ட்டுக்கு ஒன்று, 12க்கு ஒன்று; பற்றரியின் பிளஸை வண்டியின் உடம்பில் கட்டும் பிளஸ் ஏர்த்துக்கு ஒன்று, மைனஸைக் கட்டும் மைனஸ் ஏர்த்துக்கு ஒன்று. மாறி வந்தால் திருப்பி அனுப்பும் செலவில் இன்னொன்று வாங்கலாம். பற்றரியை ஒரு தடவை தலைகீழாகத் தொட்டால் போயிற்று. எஞ்சின் ஓடாமல் சாவியை மறந்து விட்டாலும் பலவற்றுக்கு ஆபத்து. பிளக் வயரும் செம்புக் கம்பி வயராக இருக்கக்கூடாது, கரி நூல் உள்ள ரெசிஸ்டன்ஸ் வயர் வேண்டும். இல்லாவிட்டால் அதன் இரைச்சலில் மொடியூல் தடுமாறும். இதெல்லாம் சமாளிக்கக் கூடியவைதான். ஆனால் அது சாகும்போது ஒரு சத்தமும் போடாமல் சாகும். வட்டைக்கு நடுவில், மேலே மாரி இருட்டிக்கொண்டு வரும்போது, அதைத் தேய்த்து உயிர் கொடுக்க எமரித் தாள் இல்லை. பொயின்ட் அப்படி அல்ல. இருமும், தும்மும், இரண்டு நாளாக முறைப்படும். நான் கருக்கிய பொயின்ட் கூட எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததுதானே?

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் பேசுவதில்லை. பொயின்ட்டை வைத்துக்கொண்டு, கொயிலின் பெரிய மின்னோட்டத்தை ஒரு ட்ரான்சிஸ்டர் சுற்று வெட்டும்படி செய்வது. பொயின்ட்டில் மிகச் சிறிய ஓட்டம்தான் போகும், அது கருகாது. சுற்றுப் பழுதானால் அதைக் கழற்றி, வயரைப் பழையபடி பொயின்ட்டில் கொழுவிவிட்டு வரலாம். அதற்காகக் கண்டென்சரைக் கழற்றி எறியாமல் வைத்திருக்க வேண்டும். எலக்ட்ரோனிக்ஸ் தெரிந்த பெடியன் ஒருவன் வீட்டில் இருந்தால் நல்ல வேலை. எங்கள் வீட்டில் இல்லை.

கண்டென்சர் பற்றி எல்லோரும் கேட்பது 12க்கு மாற்றினால் அதையும் மாற்றவேண்டுமா என்பது. வேண்டியதில்லை. சுமார் 0.2 மைக்ரோஃபரட், 6க்கும் 12க்கும் அதுவே சரிவரும், பிளஸ் மைனஸும் அதற்கு இல்லை. பழையது நன்றாக இருந்தால் இருக்கட்டும். பொயின்ட் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் முளை என்று சீக்கிரமே வந்தால், கொயிலின் ஓட்டம் சரியாக இருக்கும்போதும் வந்தால், அப்போது அதைச் சந்தேகிக்கலாம். புதிது வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள், மலிவுதான்.

இப்போது பிளஸ் ஏர்த். எங்கள் மெசினில் பற்றரியின் பிளஸ்தான் உடம்பில் கட்டியிருந்தது, அந்தக் காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் போல. கொயிலும் பொயின்ட்டும் மட்டும் என்றால் இதை மாற்றத் தேவையில்லை. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோவுக்குப் பதிலாகப் புதிய ரக ஒல்ரநேட்டர் போடப் போகிறீர்கள் என்றால் மைனஸ் ஏர்த்துக்கு மாறியே ஆகவேண்டும். மாற்றும்போது கொயிலின் சின்ன வயர் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். பழைய லூகாஸ் கொயிலில் 'எஸ்டபிள்யூ', 'சிபி' என்று எழுதியிருக்கும்: முதலாவது சாவிப் பக்கம், மற்றது டிஸ்ரிபியூட்டர் பக்கம். அந்த எழுத்து பிளஸ் ஏர்த்தை நினைத்து எழுதியது. புதிய கொயிலில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். மைனஸ் ஏர்த்தில் பிளஸ் சாவிக்கு, மைனஸ் டிஸ்ரிபியூட்டருக்கு. அம்மீற்றர் வயரையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும்போது அது இறங்குவதாகக் காட்டும்.

மாற்றிப் பூட்டினாலும் எஞ்சின் ஓடும், அதுதான் ஏமாற்று. பொறி சூடான நடுமுனையில் இருந்து வெளியே பாய்வது இலகு. எதிர்ப்பக்கமாகப் பாய அதிக வோல்ட் வேண்டும். நல்ல கொயில் அதைக் கொடுத்துவிடும். மாரிக் குளிரில், ஈரத்தில், பாதி செத்த பற்றரியில் கொடுக்காது. பார்ப்பதற்கு ஒரு பென்சில் போதும். பிளக் வயரைக் கழற்றி, இடுக்கியால் பிளக்குக்கு அருகில் பிடித்து, பொறி பாயும் இடைவெளியில் சீவிய பென்சில் முனையை வைக்கச் சொல்லுங்கள். கரிமுனையில் பொறி பட்டு ஒரு பக்கம் செம்மஞ்சளாகச் சிதறும். அந்தச் சிதறல் பிளக்கின் பக்கம் விழுந்தால் சரி. வயரின் பக்கம் விழுந்தால் கொயில் மாறிக் கிடக்கிறது. வெயிலில் தெரியாது. நாங்கள் மகரிப் பாங்கு கேட்டபிறகு, அயல் ஊர் விளக்குகள் எரியும் நேரத்தில் செய்தோம். பென்சில் பிடித்த மச்சானுக்கு ஒரு அடியும் விழுந்தது. கையுறை போடச் சொன்னேன், கேட்கவில்லை.

சார்ஜுக்கு வருவோம். பழைய 6 வோல்ட் டைனமோ இனி உதவாது. 12 வோல்ட் டைனமோவும் அதற்கான றெகுலேட்டர் பெட்டியும் தேடலாம், மெசினின் முகம் மாறாது. ஆனால் இரண்டும் பழசாகத்தான் கிடைக்கும், அந்தப் பெட்டியின் தொடுவாய்களைச் சரிபண்ணத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. பழைய ஜப்பான் வாகனச் சாமான் கடைகளில் ஒல்ரநேட்டர் குவிந்து கிடக்கிறது. அதை எடுப்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டு விடயம் மட்டும். ஒன்று, வரி வரியாகப் பல்லுள்ள தட்டை பெல்ட்டுக்கான கப்பி வராமல், வி வடிவக் கப்பி உள்ளதாக எடுக்க வேண்டும். ட்ரக்டர் பெல்ட் அகலம் என்பதால் டைனமோவின் கப்பியையே கடைந்து மாற்றவேண்டி வரலாம். மற்றது, ஒரு வயர் மட்டும் உள்ள ரகம் வேண்டாம். அது விழித்தெழ வேகம் வேண்டும். மெதுவாக ஓடும் ட்ரக்டரில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒருமுறை இரைய வைக்க வேண்டும். சாவிக்கு 'ஐஜி', எச்சரிக்கை பல்புக்கு 'எல்' என்ற முனைகள் உள்ளதே மேல்.

ஆனால் அந்த 'எல்' முனையை நேரே சாவியில் கட்டாதீர்கள். நான் கட்டினேன். முதல் ஓட்டம் முடித்து முற்றத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பி எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். மெசின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. திண்ணையில் இருந்த அப்பா, "மகன், சாவி உன்ர கையிலதானே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒல்ரநேட்டர் ஓடத் தொடங்கியதும் அந்த 'எல்' முனையிலேயே முழு வோல்ட் வரும். அது வந்த வழியே திரும்பிப் போய்க் கொயிலுக்குத் தீனி போடுகிறது. கடைசியில் கார்பரேட்டரின் காற்று வாயைக் கையால் பொத்தித்தான் நிறுத்தினோம். அந்த வயரில் ஒரு சின்ன எச்சரிக்கை பல்பு போட்டதும் தீர்ந்தது. பல்பு வழியே போகும் அற்ப ஓட்டம் கொயிலுக்குப் போதாது. ஓட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று போட்டாலும் சரி. பல்பு என்றால் சார்ஜ் ஏறாதபோது எரிந்து சொல்லும், அதனால் எனக்குப் பல்புதான் விருப்பம்.

இன்னொரு வழியும் உண்டு, சிரிக்காதீர்கள்: சார்ஜே இல்லாமல் விடுவது. கொயில் சராசரி 3 அம்பியர் குடித்தால், 40 அம்பியர் மணி பற்றரி முழுச் சார்ஜில் ஒரு பகல் வேலையைத் தாங்கும். இரவில் வீட்டில் சார்ஜரில் போடலாம். லைட் போடாமல், பகலில் மட்டும், வருடத்தில் இருபது நாள் ஓடும் மெசினுக்கு இது கெட்ட யோசனை இல்லை. ஒல்ரநேட்டருக்குக் காசு சேரும் வரை ஒரு சிறுபோகம் நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம். அந்த நாட்களில் ஏர்த் மாற்றும் வேலை கூட இருக்கவில்லை.

வயரிங்கில் ஒரு சந்தோஷம். 6 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு ஓட்டம் வேண்டும் என்பதால் பழைய கேபிள்கள் தடிப்பு, 12க்குத் தாராளம். உறை வெடித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். லைட் பல்புகளை 12க்கு மாற்ற மறந்தால் அவையே ஒரு பளிச்சோடு நினைவுபடுத்தும்.

பழைய 6 வோல்ட் கொயிலை நான் எறியவில்லை. அதோடு ஒரு 1.5 ஓம் ரெசிஸ்டரையும் வயர் பூட்டித் தயாராக, ஒரு சோடிப் பொயின்ட், ஒரு கண்டென்சர், அரைத் துண்டு எமரித் தாளுடன் ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு ஆசனத்தின் கீழ் கட்டி வைத்திருக்கிறேன். சீவிய பென்சிலும் அதற்குள்தான் இருந்தது. போன மாதம் மச்சானின் மகள் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டாள்.